கரண்ட் வந்திட்டு, கொப்பி ஏன் வரல்ல?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். கொம்பியூட்டர் கதை என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். நமது ஊர்ப் பதிவுகளின் கதை இது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னார். நாம் சிரித்தோம், பிறகு வியர்த்தோம். பின்னேரமாகப் படிப்படியாகக் கரண்ட் வந்தது. வீட்டில் பேன் தானாகச் சுற்றியது, பிரிட்ஜ் தானாக உறுமியது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் வேலை செய்தது.

மறுநாள் அஸருக்குப் பிறகு ஒரு ராத்தா பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வந்தார். ஓட்டமாவடிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். 1988இல் மௌத்தான அவருடைய வாப்பாவின் ஜனாஸாப் பதிவு வேண்டும். காணி விடயமாக ஓரிடத்தில் மௌத்தான திகதியைக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டின் கொப்பி 2024 நவம்பர் வெள்ளத்தில் நனைந்து, தாளோடு தாள் ஒட்டிப்போனது. நல்ல வேளை, அதற்கு முன்பே பழைய மாணவர்களுடன் சேர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, பெயர்களைத் தட்டச்சுச் செய்து, அலுவலகத்திலுள்ள ஒரு பழைய கொம்பியூட்டரில் டேட்டாபேஸ் ஒன்றில் ஏற்றி வைத்திருந்தோம். பெயரை அடித்தால் பக்கம் வரும். அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குப் பெயரை அடித்தோம், பக்கம் வரவில்லை. கொம்பியூட்டர் ஓடுகிறது, திரையில் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் டேட்டாபேஸ் எழும்பவில்லை. அதை எழுப்பத் தெரிந்த தம்பி கட்டாரில் வேலைக்குப் போய் இரண்டு மாதம். வட்ஸ்அப்பில் அழைத்தோம், அவர் வேலை நேரத்தில் இருந்தார்.

ராத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கரண்ட் வந்திட்டுத்தானே சேர், கொப்பி ஏன் வரல்ல?"

எங்களிடம் பதில் இல்லை. அவரை வெறுங்கையோடு அனுப்பினோம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

*

முதலில் நமது பக்கத்துக் கதை.

வாவிக்கரையில் பதிவு எழுதுவது புதிதல்ல. பள்ளிவாசல்களில் நிக்காஹ் கொப்பி, ஜனாஸாக் கொப்பி, சந்தாக் கொப்பி என்று எழுதி வைத்தார்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணப் பதிவு அரசாங்கக் கணக்கிலும் ஏறியது. எழுதுவதில் நமது முன்னோர் குறை வைக்கவில்லை. எழுதியதைக் காப்பாற்றுவதில்தான் நமக்குச் சோதனை மேல் சோதனை வந்தது.

1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டியது. ஓட்டைத் தூக்கிய காற்று அலுமாரியையும் விடவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97 ஆயிரம் நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின என்பார்கள். 1990 ஓகஸ்டைப் பற்றி இங்கே எழுத வரவில்லை, அது காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் உறவுகள் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்!

பிறகு 2004 டிசம்பர் 26. காத்தான்குடி, கல்லடி, நாவலடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது. நாடு முழுவதும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேல். பாடசாலைகள் முகாம்களாயின. பெயர் எழுதும் வேலை ஆசிரியர்கள் தலையில் விழுந்தது. ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் எழுதினோம். ஒரே ஆளின் பெயர் மூன்று முகாம்களில் மூன்று விதமாக எழுதப்பட்டது. காணாமல் போனவரின் பெயர் ஒரு கொப்பியில், அவர் உயிரோடு இருக்கும் தகவல் இன்னொரு கொப்பியில். இரண்டு கொப்பியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

அதே நாட்களில் கொழும்பில் சில மென்பொருள் பொறியியலாளர்கள் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்த தொண்டர்கள். வழி காட்டியவர்களில் சஞ்ஜீவ வீரவரண, சமிந்திர டி சில்வா ஆகியோர் முக்கியமானவர்கள். இரவு பகலாக இருந்து, காணாமல் போனோர் பட்டியல், முகாம் பட்டியல், உதவி நிறுவனங்களின் பட்டியல், தேவைகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஒரு முறைமையைக் கட்டினார்கள். பெயர் சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

2005இல் அதை எந்த நாட்டிலும் எந்த அனர்த்தத்திலும் பயன்படும்படி புதிதாக எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, யோக்யகார்த்தா நிலநடுக்கம், 2010இல் ஹெய்ட்டி என்று அது ஊர் ஊராகப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குத்தான். நமது கடற்கரையில் விழுந்த அடியிலிருந்து உலகத்துக்குக் கிடைத்த ஒரு பயன் அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதை ஏன் சொல்கிறோம் என்றால், சஹனாவின் அடியில் இருந்ததும் எங்கள் பள்ளிவாசல் கொம்பியூட்டரில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். சஹனா தன் பட்டியல்களை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் வைத்தது. நாங்கள் வைத்திருப்பது மரியாடிபி. 1995இல் மைஎஸ்கியூஎல்லைத் தொடங்கிய மூவரில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதற்குத் தன் மூத்த மகளின் பெயரை வைத்தார். 2008இல் அது சன் நிறுவனத்திடம் போய், பிறகு 2010இல் ஒரக்கிள் கைக்குப் போனது. இது கை மாறிப் போகிறதே என்று பயந்த விடேனியஸ் 2009இலேயே ஒரு கிளை பிரித்து, இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். அதுதான் மரியாடிபி. எங்கள் மாணவிகள் "மர்யம் டேட்டாபேஸ்" என்று செல்லமாகச் சொல்வார்கள்.

*

சரி, மரியா ஏன் எழும்பவில்லை?

அலுவலகத்தில் அப்போது இணைய வசதி இல்லை. அதனால் அந்தத் தம்பி மென்பொருளைப் பொதியாகத் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, லினக்ஸ் கொம்பியூட்டரில் கையாலேயே அவிழ்த்து வைத்தார். அதற்கென்று ஒரு பயனர் கணக்கு உண்டாக்கி, தரவு வைக்கும் கோப்புறையை ஒழுங்குபடுத்தி, பிறகு கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்து ஓட விட்டார். நன்றாக ஓடியது. பல மாதம் ஓடியது. இடையில் கரண்ட் போன நாட்களில் அவரே வந்து அந்தக் கட்டளையை அடித்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியவே இல்லை.

வழமையான முறையில், அதாவது லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவினால், "இயந்திரம் எழும்பும்போது இதையும் எழுப்பு" என்ற செய்தியும் பல லினக்ஸ்களில் கூடவே பதிவாகிவிடும். கையால் அவிழ்த்து வைத்தால் அந்தச் செய்தியை நாம்தான் பதிய வேண்டும். பதியாவிட்டால் இயந்திரத்துக்கு அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதே தெரியாது. டேட்டாபேஸ் இருந்தது, தரவு இருந்தது. ஆனால் அதை எழுப்புவது ஒரு மனிதரின் நினைவில் மட்டும் இருந்தது. அந்த மனிதர் கட்டாருக்குப் போனார்.

ராத்தாவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிலுக்குப் பின்னால் 60 ஆண்டு வரலாறு இருக்கிறது.

*

1963ஆம் ஆண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம். ஐபிஎம் 7094 என்ற, அறை நிறைந்த ஒரு கொம்பியூட்டர். பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழு அதில் வேலை செய்தது. யாரும் கட்டளை இடாமலே பின்னணியில் இருந்து, ஓய்வில்லாமல் தன் வேலையைப் பார்க்கும் புரோகிராம்களை அவர்கள் எழுதினார்கள். அவற்றுக்கு டீமன் என்று பெயர் வைத்தார்கள். பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் 1867இல் ஒரு கற்பனை சொன்னார்: ஒரு பெட்டியின் நடுக் கதவில் நின்று, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறு பக்கமும் அனுப்பும் ஒரு சிறு காவலாளி. அந்தக் காவலாளியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "ஷைத்தானா சேர்?" இல்லை மகன். பழைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் கூட நின்று வேலை செய்வது என்ற கருத்து இருந்தது. நமது ஊரில் ஒப்பிட வேண்டுமானால் மோதினாரைச் சொல்லலாம். பஜ்ருக்கு ஊரே தூங்கும். அவரை யாரும் எழுப்புவதில்லை. அவர் எழும்பித்தான் ஊரை எழுப்புகிறார்.

அந்த முதல் டீமன் செய்த வேலை என்ன தெரியுமா? கோப்புகளை நாடாவில் தானாகப் பிரதி எடுத்து வைப்பது. கோர்பட்டோவே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். இதை மனதில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

பிறகு 1970களில் யுனிக்ஸ் வந்தது. அதில் இயந்திரம் எழும்பியதும் முதலில் ஓடுவது இனிட் என்ற புரோகிராம். அதன் இலக்கம் எப்போதும் 1. மற்ற எல்லாவற்றையும் அதுதான் எழுப்பும். ஆரம்பத்தில் ஒரே ஒரு கோப்பில் "இதை எழுப்பு, பிறகு அதை எழுப்பு" என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். 1983இல் வந்த சிஸ்டம் 5 யுனிக்ஸில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் கோப்பும், இயந்திரம் எந்த நிலையில் இருக்கும்போது எது ஓட வேண்டும் என்ற படிநிலைகளும் முறையாக அமைந்தன. லினக்ஸும் பல ஆண்டு அந்த வழியிலேயே நடந்தது.

சஹனா காலத்தில் கையால் மைஎஸ்கியூஎல் நிறுவியவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். பொதிக்குள்ளேயே "மைஎஸ்கியூஎல் சேர்வர்" என்ற ஒரு சிறு கோப்பு தனியாக வரும். அதை இனிட் கோப்புறைக்குப் பிரதி எடுத்து, ஓடும் அனுமதி கொடுத்து, இன்னொரு கட்டளையால் பட்டியலில் சேர்க்க வேண்டும். விண்டோஸ் ஆட்களுக்கும் இதே கதைதான். "இன்ஸ்டோல்" என்ற சொல்லோடு ஒரு கட்டளை அடித்தால்தான் அது விண்டோஸின் சேவைப் பட்டியலில் ஏறும். நிறுவுவது ஒரு வேலை, சேவையாக்குவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாமல் வீட்டுக்குப் போனவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாங்களும் சேர்ந்தோம்.

பழைய முறையில் இரண்டு குறை இருந்தது. ஒன்று, ஒவ்வொன்றாக வரிசையில் எழும்புவதால் நேரம் எடுக்கும். மற்றது, எழுப்பி விட்டதோடு இனிட்டின் கடமை முடிந்துவிடும். நடுவில் ஒன்று விழுந்தால் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் மைஎஸ்கியூஎல்காரர்கள் தங்கள் சேர்வருக்குப் பக்கத்தில் ஒரு காவல்காரப் புரோகிராமை வைத்தார்கள். சேர்வர் விழுந்தால் அது தூக்கி விடும். ஆனால் முழு இயந்திரமும் விழுந்தால் காவல்காரனும் சேர்ந்து விழுவான்.

2006இல் உபுண்டு அப்ஸ்டார்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவெர்ஸ் என்ற இருவர் சிஸ்டம்டி என்பதை வெளியிட்டார்கள். எழுப்புவது, வரிசை பார்ப்பது, விழுந்தால் தூக்குவது, நடந்ததைக் குறிப்பெழுதுவது எல்லாமே ஒரு கையில். 2011இல் பெடோரா ஏற்றுக்கொண்டது. டெபியன் குழுவில் பெரிய வாக்குவாதம். நமது நம்பிக்கையாளர் சபைக் கூட்டம் தோற்றுவிடும்! 2014 பெப்ரவரியில் முடிவெடுத்தார்கள், பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்கடை போட்டார்கள். 2015இல் டெபியனும் உபுண்டுவும் மாறின. இன்று நாம் காணும் பெரும்பாலான லினக்ஸில் இலக்கம் 1 சிஸ்டம்டிதான்.

*

இவ்வளவு வரலாறும் வாசித்தபோது எங்களுக்கு நினைவில் வந்தது நமது குடிமுறை.

மட்டக்களப்புத் தேசத்தில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு. கோயிலில் வண்ணக்கர் இருப்பதுபோல, பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர். குடியின் பங்கைச் சேர்ப்பதும், குடிக்காகச் சபையில் பேசுவதும் அவர் பொறுப்பு. ஒரு மரைக்காயர் மௌத்தானால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. குடி கூடி இன்னொருவரை வைக்கும். மனிதர் போனாலும் பதவி நிற்கும். 1956ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டத்துக்குப் பிறகு நிருவாகம் பல இடங்களில் வேறு வடிவம் எடுத்தது உண்மை. ஆனால் அந்த அடிப்படை அறிவு நமக்குப் பழையது: ஒரு பொறுப்பு ஆளின் நினைவில் இருக்கக் கூடாது, அமைப்பில் இருக்க வேண்டும்.

பள்ளிவாசலுக்கு இதைத் தெரிந்து வைத்திருந்த நாம், பள்ளிவாசலின் கொப்பிக்கு மறந்துவிட்டோம்.

*

இனி என்ன செய்தோம் என்று சொல்கிறோம். இதே மாதிரி வைத்திருக்கும் சங்கங்கள், நூலகங்கள், பாடசாலைகளுக்கு உதவும்.

செவ்வாய் இரவு கட்டார் தம்பி வீடியோ அழைப்பில் வந்தார். இந்த முறை அவரையே செய்ய விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல உயர்தர மாணவர் இருவர் செய்தார்கள், நாங்கள் கொப்பியில் எழுதினோம்.

சிஸ்டம்டிக்கு ஒரு சிறு கோப்பு எழுத வேண்டும். பதினைந்து வரிகூட வராது. அதில் மூன்று பகுதி.

முதல் பகுதி, இது யார் என்ற அறிமுகம். "இது பள்ளிவாசல் பதிவு டேட்டாபேஸ், வலையமைப்பு எழும்பிய பிறகு இதை எழுப்பு."

இரண்டாம் பகுதி, வேலை. சேர்வர் புரோகிராம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும். பயனர் விடயத்தில் கவனம். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓட விடக் கூடாது. டேட்டாபேஸுக்கென்றே உள்ள, தன் கோப்புறையை மட்டும் தொடக்கூடிய கணக்கில்தான் ஓட வேண்டும். முத்தவல்லி வக்ஃபுச் சொத்தைப் பராமரிப்பவர், சொந்தக்காரர் அல்ல. அதே நியாயம்தான். விழுந்தால் சில விநாடி பொறுத்து மீண்டும் எழுப்பு என்பதும் இங்கேதான் ஒரு வரி.

மூன்றாம் பகுதி, எப்போது எழும்ப வேண்டும். இயந்திரம் வழமையான நிலைக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதுவும் எழும்ப வேண்டும் என்பது.

கோப்பை வைத்துவிட்டு, "புதிய கோப்பு வந்திருக்கிறது, வாசி" என்று சிஸ்டம்டிக்குச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு கட்டளை. ஸ்டார்ட் என்றால் இப்போது எழுப்பு. எனேபிள் என்றால் இனி ஒவ்வொரு முறையும் எழுப்பு. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஸ்டார்ட் மட்டும் போட்டால் இன்றைக்கு ஓடும், எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போவோம். அடுத்த கரண்ட் வெட்டில்தான் உண்மை தெரியும்.

சேவையாக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. கொம்பியூட்டரை முறையாக நிறுத்தும்போது சிஸ்டம்டி டேட்டாபேஸுக்கு முன்கூட்டியே சொல்லும், அது எழுதிக்கொண்டிருப்பதை முடித்து மூடிக்கொள்ளும். பழைய மைஎஸ்கியூஎல்லின் மைஐசாம் அட்டவணைகள் திடீர் மின்வெட்டில் பழுதாவது அடிக்கடி நடந்தது. 2010இல் 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபி இயல்பானதாக ஆன பிறகு, விழுந்து எழும்பும்போது தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னையே சரிசெய்யும் ஆற்றல் வந்தது. ஆனாலும் தினமும் வயரைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம்!

எல்லாம் முடிந்தது என்று கொம்பியூட்டரை மறுபடி எழுப்பிப் பார்த்தோம். டேட்டாபேஸ் எழும்பவில்லை! குறிப்புகளைத் திறந்து பார்த்தால் காரணம் இருந்தது. எங்கள் தரவு இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க் இணையும் முன்பே டேட்டாபேஸ் எழும்பி, தன் கோப்புறையைக் காணாமல் விழுந்திருக்கிறது. "இந்த டிஸ்க் வந்த பிறகே எழும்பு" என்று முதல் பகுதியில் ஒரு வரி சேர்த்தோம். மறுபடி எழுப்பினோம். விசைப்பலகையை யாரும் தொடவில்லை. மாணவர் ஒருவர் தன் போனில் பெயரை அடித்தார். பக்கம் வந்தது.

கடைசியாக ஒன்று. கரண்ட் வந்ததும் பெட்டியே தானாக எழும்ப வேண்டுமே? அதற்கு பயோஸில் ஒரு தெரிவு இருக்கிறது. அதையும் மாற்றினோம். ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கினோம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது. எந்த யூபிஎஸ்ஸும் அவ்வளவு தாங்காது. அது இயந்திரத்தை மரியாதையாக நிறுத்த அவகாசம் தரும், அவ்வளவுதான். திரும்ப எழும்புவது சேவையின் வேலை.

*

இப்போது அந்த முதல் டீமனுக்கு வருவோம். அது பிரதி எடுத்தது என்று சொன்னோமே.

தானாக எழும்பும் டேட்டாபேஸ் பாதுகாப்பான டேட்டாபேஸ் ஆகாது. டிஸ்க் எரிந்தால், திருடு போனால், இன்னொரு வெள்ளம் வந்தால், எழும்ப எதுவும் இருக்காது. 2023இல் நமது அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலத்துக்கான பிரதி இல்லை. நாடு ஆளும் இடத்திலேயே இப்படி என்றால் பள்ளிவாசல் அலுவலகம் எம்மாத்திரம்?

அதனால் ஒவ்வொரு இரவும் தானாகப் பிரதி எடுக்க இன்னொரு சிறு சேவை வைத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பிரதி ஒரு டிஸ்க்கில் ஏறி வேறொரு வீட்டுக்குப் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறு கொம்பியூட்டரில் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததுதான்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்டில் 2005இல் நூலகம் என்ற இணையத் திட்டத்தை நம் தமிழ் இளைஞர்கள் தொடங்கினார்கள். முஸ்லிம்களின் நூல்களும் சஞ்சிகைகளும் அதில் நிறைய இருக்கின்றன. நாம் வாசிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு சேர்வரும், அதை எழுப்பி வைக்கும் ஏற்பாடும், பிரதியும் இருக்கின்றன. படம் பிடிப்பவரைப் பாராட்டுகிறோம். விளக்கு அணையாமல் பார்ப்பவரை நினைப்பதில்லை. அவர்களுக்கும் துஆ செய்வோம்.

*

வியாழக்கிழமை ராத்தா திரும்ப வந்தார். பெயரை அடித்தோம். 1988ஆம் ஆண்டுப் பக்கம் வந்தது. அச்செடுத்துக் கொடுத்தோம். அந்தக் காலத்து மௌலவியின் சாய்ந்த கையெழுத்தில் தன் வாப்பாவின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். இனிக் கரண்ட் போனாலும் வருமா சேர்?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ், வரும் ராத்தா" என்றோம். இந்த முறை தெரிந்துதான் சொன்னோம்.

உறவுகளே, உங்கள் மஹல்லாவில், சங்கத்தில், பாடசாலையில் இப்படியொரு கொம்பியூட்டர் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கரண்ட் போய் வந்தால் இது தானாக எழும்புமா? எழும்பாவிட்டால் எழுப்பத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்? பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். எங்களுக்கும் ஒரு ராத்தா வந்து கேட்கும் வரை தெரியாது.

நாங்கள் எழுதிய செய்முறைக் கொப்பியின் பிரதி அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். பெற்றோரே, விடுமுறையில் பிள்ளைகளை ஒரு நாள் அனுப்பி வையுங்கள். கட்டாருக்குப் போகிறவர் போகட்டும், அவருடைய ரிஸ்க் அங்கே இருக்கிறது. அவர் அறிந்தது இங்கே இருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் முன்னோரின் பெயர்களையும், அவற்றை எழுதி வைத்தவர்களின் உழைப்பையும் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.

பிழை இருந்தால் கருத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். பயன் இருந்தால் பகிருங்கள்.